சுழற்றாமல் விட்ட பந்துகள்

ரெட்ஸ்டோன், பென்சில்வேனியா
20 ஏப்ரல் 1969

அன்புள்ள சிரில் அண்ணாவுக்கு,

முதலில் மன்னித்துவிடு. பேஸ்பால் சீசன் நடக்கும்போது வீட்டிலிருந்து கடிதம் வந்தால் கைராசி கெட்டுவிடும், அக்டோபர் வரை யாரும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வருடமும் கிளம்புகிறாய். எட்டு வருடம் நான் அதை மீறவில்லை. இப்போது எழுதுகிறேன் என்பதால் இந்த வாரம் பந்து பேட்டில் படவில்லை என்றால் பழியை என் மேல் போட்டுக்கொள்.

அம்மா நலம். முழங்கால் வீக்கம் குறைந்து மறுபடி சட்டைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். எனக்கு மாவட்ட நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நம் வீட்டில் முதல் பட்டதாரி என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

எழுதிய காரணம் இதுதான். பழைய அணியில் ஸ்கோர் எழுதும் அம்மாள் உன் ஆட்டத் தாள்களின் கார்பன் நகலை எனக்கு அனுப்பிவிடுவார். நீ இந்த வருடம் சேர்ந்திருக்கும் அயோவா அணியில் யார் எழுதுகிறார்கள் என்று தெரியாது. நீயே கேட்டு அனுப்ப முடியுமா? பதின்மூன்று வயதிலிருந்து உன் ஒரு ஆட்டத்தைக்கூட நான் விட்டதில்லை.

அம்மா உன்னிடம் கேட்கச் சொன்னாள்: "எல்லாப் பந்தையும் ஏன் ஊர் எல்லைக்கு அனுப்பப் பாக்குறான்? ஒண்ணு ரெண்டை மெதுவா தட்டினா என்னவாம்?"

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
வெரோனிகா

●

கார்வில், அயோவா
4 மே 1969

வெரோனிக் குட்டிக்கு,

அண்ணன் நல்லா இருக்கேன். அம்மாவும் நீயும் அப்படியே இருக்கணும்.

உன் லெட்டர் வந்த அன்னைக்கு ரெண்டு ஹோம் ரன். அதனால விதியை மாத்திட்டேன், இனிமே வாரம் ஒண்ணு எழுது. ஸ்கோர் எழுதுறவர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "தங்கச்சிக்கா? இதையெல்லாமா படிக்கிறா?"ன்னு கேட்டு நகல் குடுத்துட்டார். எல்லாம் இதோட இருக்கு.

பதினேழு ஆட்டம், ஏழு ஹோம் ரன், இருபத்தெட்டு ஸ்ட்ரைக் அவுட். இங்க ஜனங்க லேசுப்பட்டவங்க இல்ல. நான் மூணாவது தடவை சுத்தித் தப்பவிட்டா, முதல் வரிசையில ஒரு கிழவி தொப்பியைக் கழட்டி, "நல்லா காத்து வருது தம்பி, இன்னொரு தடவை சுத்து"ங்குது. ஹோம் ரன் அடிச்சா அதே கிழவிதான் எந்திரிச்சு ஆடுது.

மேனேஜர் வீலாக் அதுக்கெல்லாம் திட்டுறதில்ல. "நூத்தி எழுபது தடவை அவுட் ஆகிக்கோ, முப்பத்தஞ்சு தடவை வேலிக்கு வெளியே போடு, மேல பெரிய லீக்ல இருக்கிறவங்க கூப்பிடுவாங்க"ன்னார். எனக்கு இருபத்தேழு ஆச்சு. இந்த செப்டம்பர்ல கூப்பிடலைன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க. அதை அவரும் சொல்லல, நானும் கேக்கல.

அறையில கூட இருக்கிறவன் லோனி டாக்கெட், எங்க கேட்சர், பேட் பிடிக்கிறவனுக்குப் பின்னாடி உக்காந்து பந்து பிடிக்கிறவன். கென்டக்கிக்காரன். தூக்கத்துலயும் அம்பயரோட சண்டை போடுவான்.

அம்மாகிட்ட சொல்லு, தட்டுறதுக்கு வேற ஆள் இருக்கான், என்னை வச்சிருக்கிறது உடைக்கிறதுக்கு. அவ கையால செஞ்ச கசகசா ரொட்டி ஒண்ணு அனுப்பச் சொல்லு.

உன் அண்ணன்,
சிரில்

●

கார்வில்
2 ஜூன் 1969

வெரோனி,

நலம். நீங்களும் நலமா இருங்க. ரொட்டி வந்தது, லோனி பாதியைத் தின்னுட்டான்.

பேப்பர்ல பார்த்துப் பயந்துக்காதீங்கன்னுதான் எழுதுறேன். 24ஆம் தேதி ஒரு பந்து இடது கன்னத்து எலும்புல பட்டுச்சு. மூணு தையல். அஞ்சு நாள் உக்கார வச்சாங்க, இப்ப மறுபடி ஆடுறேன். வீக்கம் வடிஞ்சிருச்சு. அம்மாகிட்ட மூணு தையல்னுகூடச் சொல்லாத, ஒண்ணுன்னு சொல்லு.

தாள் இதுல வச்சிருக்கேன். இந்த வாரம் பெருசா ஒண்ணும் இல்ல.

சிரில்

●

ரெட்ஸ்டோன்
19 ஜூன் 1969

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் நலம். அம்மா உனக்காகப் பூசை சொல்லியிருக்கிறாள். ஒரு தையலுக்கே அழுதுவிட்டாள்.

உன் தாள்கள் 15ஆம் தேதி வரை வந்துவிட்டன. ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே.

நாம் குறிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். சுழற்றித் தவறி அவுட் ஆனால் ஆங்கில எழுத்து கே (K), நேராக. பேட்டை அசைக்காமல் மூன்றாவது பந்தை நின்று பார்த்தே அவுட் ஆனால் முகம் திருப்பிய கே. ஒன்பது வருடமாக உன் பக்கத்தில் திருப்பிய கே அபூர்வம். உயர்நிலைப் பள்ளியில் நான் ஒருமுறை கேட்டதற்கு, "நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு டிக்கெட் வாங்கிட்டு வெளிய உக்காரலாமே" என்றாய். இந்த வருடமும் மே 23 வரை ஐம்பத்திரண்டு ஸ்ட்ரைக் அவுட்டில் மூன்றே மூன்றுதான் திருப்பிய கே.

நீ திரும்பி வந்த பிறகு பதினைந்து ஆட்டம். இருபத்தேழு ஸ்ட்ரைக் அவுட். அதில் பதினாறு திருப்பிய கே.

முதல் பேஸில் பந்து பிடிக்க நிற்கும்போது உனக்கு வந்த ஆறு வீச்சுகளை நீ பிடிக்கவில்லை என்றும் இருக்கிறது. போன வருடம் முழுக்க நான்கு.

எண்ணிக்கையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நீ எப்போதும் அவுட் ஆகிறவன்தான். ஆனால் இது வேறு மாதிரி இருக்கிறது. பந்து உனக்குத் தெரிகிறதா, அண்ணா? நீ வலது கைக்காரன், இடது பக்கம்தான் பந்து வீசுகிறவனைப் பார்த்து நிற்கிறது. அதனால் கேட்கிறேன்.

நான் தவறாக எண்ணியிருக்கலாம். அப்படியானால் ஒரு வரி எழுதித் திட்டிவிடு.

வெரோனிகா

●

கார்வில்
8 ஜூலை 1969

வெரோனி,

பதில் போட லேட் ஆயிருச்சு. பஸ்ஸுலயே காலம் போகுது. உடம்பு நல்லா இருக்கு.

உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது தப்பு. இங்க மேனேஜர் இருக்கார், டாக்டர் இருக்கார், முந்நூறு பேர் உக்காந்து பாக்குறாங்க. யாருக்கும் தெரியாதது எண்ணூறு மைல் தள்ளி உக்காந்திருக்கிற உனக்குத் தெரியுது.

இடது கண்ணுல கொஞ்சம் மங்கல். ஓரத்துல ஒரு திரை மாதிரி. தலையைத் திருப்பினா விலகிடும். அடிபட்ட இடம், சரியாக நாள் ஆகும். அவ்வளவுதான். டாக்டர் கண்ணைச் சோதிச்சார், பாஸ் பண்ணிட்டேன்.

இப்ப எங்க வரும்னு யூகிச்சுச் சுத்துறேன். யூகம் சரியா இருந்தா வெளிய போகுது, பத்தொன்பது போயிருக்கு. தப்பா இருந்தா அவுட். பாக்குறவனுக்கு ரெண்டும் பழைய சிரில்தான். மேல இருந்து ஆள் வந்து ரெண்டு ஆட்டம் பாத்துட்டுப் போனான். வீலாக் கிட்ட என் பேரைக் கேட்டானாம்.

நான் உன்கிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்ல. இதைக் கேக்குறேன். செப்டம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காத. அம்மாகிட்டயும் வேண்டாம். ஒரே ஒரு மாசம் மேல ஆடிட்டா போதும், அதுக்கப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட எல்லாம் வரேன். சத்தியம் பண்ணி எழுது.

தாள் இனிமே அனுப்பல. வாத்தியாருக்குக் கார்பன் தீந்துருச்சாம்.

சிரில்

●

ரெட்ஸ்டோன்
14 ஜூலை 1969

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலத்துக்கு வேண்டுகிறேன்.

சத்தியம்.

ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள். கசாப்புக்கடை துர்சோ உன் படத்தைக் கத்தரித்துத் தராசுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். "சிரில் தங்கச்சி வந்தாச்சு, வழி விடுங்க" என்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் யாரும் எனக்கு வழி விட்டதில்லை. நூலகத்திலும் அறிவிப்புப் பலகையில் உன் செய்திகளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்தான் குண்டூசி குத்துகிறேன்.

அம்மா தொழிற்சாலையில் சிரிக்கிறாளாம். பக்கத்துத் தையல் மெஷின்காரி சொன்னாள்.

தலையைத் திருப்பினால் திரை விலகுகிறது என்று எழுதினாய். இன்னும் விலகுகிறதா?

வெரோனிகா

●

ரெட்ஸ்டோன்
29 ஜூலை 1969

மதிப்பிற்குரிய திரு. லோனி டாக்கெட் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுவதற்கு மன்னிக்கவும். நான் சிரில் ஹ்ரபோவ்ஸ்கியின் தங்கை. நீங்கள் நலம் என நம்புகிறேன்.

என் போன கடிதத்துக்கு அண்ணன் பதில் எழுதவில்லை. அவன் எழுதியிருந்தாலும் நான் கேட்டதற்குப் பதில் இருந்திருக்காது. அவனோடு ஒரே அறையில் இருக்கிறீர்கள். அவனுக்கு இடது கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

பணிவுடன்,
வெரோனிகா ஹ்ரபோவ்ஸ்கி

●

கார்வில்
7 ஆகஸ்ட் 1969

மிஸ் ஹ்ரபோவ்ஸ்கி,

நான் நலம். நீங்களும் உங்க அம்மாவும் நலமா இருக்க வேண்டிக்கிறேன். ரொட்டி ரொம்ப நல்லா இருந்துச்சு, பாதியை நான் தின்னதுக்கு மன்னிக்கணும்.

நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படிச்சவன், நேரா எழுதிடறேன். அந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியல. வெளிச்சம் மட்டும்தான். போன வாரம் காப்பியை மேசைக்கு வெளிய ஊத்தினான். சிரிச்சு மழுப்பிட்டான்.

டாக்டர் சோதிச்சதுல பாஸ் பண்ணிட்டேன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பான். அந்த எழுத்து அட்டை டிரெஸ்ஸிங் ரூம் சுவத்துலதான் தொங்குது. நான் நின்னு வாசிச்சேன், இவன் உக்காந்து மனப்பாடம் பண்ணினான். ஆறு வரிசை. கிளப்புல யாரும் சந்தேகப்படல. நூத்தி எழுபது தடவை அவுட் ஆகுறவன் இன்னும் முப்பது தடவை சேத்து ஆனா யாருக்கு வித்தியாசம் தெரியும்? அவனுக்கு உதவி பண்றேன்னு நெனச்சுத்தான் வாசிச்சேன். இப்ப அப்படி நெனைக்கல.

நான் பேட் பிடிக்கிறவனுக்குப் பின்னாடி குந்தி உக்காந்து பொழைக்கிறவன், மிஸ். தலைக்கு வர்ற பந்து எப்படி வரும்னு எனக்குத் தெரியும். கண்ணு தெரியிறவன் கடைசி நொடியில தலையைப் பின்னுக்கு இழுப்பான். செவ்வாய்க்கிழமை ஒரு பந்து இவன் மூக்கை உரசிட்டுப் போச்சு. இவன் அசையல. கூட்டம் "என்னா தைரியம்டா"ன்னு கை தட்டுச்சு.

எனக்கு எழுதினதை அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.

லோனி டாக்கெட்

●

கார்வில்
30 ஆகஸ்ட் 1969

வெரோனி,

எல்லாம் முடிஞ்சுபோச்சு.

21ஆம் தேதி காலையில டாக்டர் கூப்பிட்டார். சுவத்துல இருந்த அட்டை இல்ல. நான் வலது கண்ணைப் பொத்தினப்புறம் பையில இருந்து வேற ஒண்ணை எடுத்து வச்சிருக்கார், எழுத்தே இல்ல, வெறும் எண்ணு. அது தெரியாம நான் பழைய எழுத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன். மூணாவது எழுத்துல அவரே நிறுத்தச் சொல்லிட்டார். அவர் முகத்தைப் பாக்க முடியாததே நல்லதுன்னு நெனச்சேன்.

விழித்திரை கழண்டிருக்காம். "மே மாசம் வந்திருந்தா ஒட்டியிருக்கலாம். ஜூன்லகூட முக்கால்வாசி காப்பாத்தியிருக்கலாம்"னார். இப்ப ஆபரேஷன் பண்ணினா ஓரளவுதான், அதுவும் சீக்கிரம் பண்ணணுமாம். அந்தப் பக்கம் இன்னொரு பந்து பட்டா என்ன ஆகும்னும் சொன்னார். காதுல வாங்கிக்கல.

மத்தியானம் வீலாக் கூப்பிட்டு அணியில இருந்து நீக்கின கடிதம் குடுத்தார். இருபத்தெட்டு ஹோம் ரன். மேல போறதுக்கு பத்து நாள் இருந்துச்சு.

அட்டை விஷயம் எனக்கும் லோனிக்கும் மட்டும்தான் தெரியும். அறைக்குப் போனேன், அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கிட்டிருந்தான். "நான் சொல்லல, சிரில்"ன்னான். அடிச்சேன். முன்பல்லு ரெண்டு போச்சு. திருப்பி அடிக்கவே இல்ல, குத்தம் உள்ளவன் எப்படி அடிப்பான். இப்ப வேற இடத்துல தங்கியிருக்கேன். கவர் மேல எழுதியிருக்கிற விலாசம்தான்.

மெக்சிகோவுல குளிர்கால ஆட்டத்துக்கு ஒருத்தன் ஆள் எடுக்குறான். அங்க கண்ணைச் சோதிக்க மாட்டாங்க. அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை கார்வில்ல இருந்து பஸ். அங்க இருபது அடிச்சுக் காட்டினா வேற ஏதாவது கிளப் எடுக்கும். ஆபரேஷன் பண்ணினா ஒரு வருஷம் படுக்கணும், அப்புறம் யார் எடுப்பான்?

அம்மாகிட்ட செப்டம்பர் தள்ளிப்போச்சுன்னு மட்டும் சொல்லு. நீ ஒருத்திதான் சத்தியத்தைக் காப்பாத்தினவ.

சிரில்

●

ரெட்ஸ்டோன்
29 செப்டம்பர் 1969

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. எனக்கும்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

லோனி சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஜூலைக் கடைசியில் அவருக்கு எழுதிக் கேட்டேன். நான் கேட்டதற்குத்தான் பதில் எழுதினார், எழுத்து அட்டையைப் பற்றியும். அதைப் படித்த பிறகு உங்கள் கிளப் டாக்டருக்கு நான்கு வரி எழுதினேன். வேறு அட்டையில் சோதியுங்கள் என்று எழுதினேன். அதைத் தபாலில் போட எனக்கு நான்கு நாள் ஆனது. என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கடைசியில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். உன் நன்மைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் கோபத்துக்குப் பயம். டாக்டரும் என் பெயரைச் சொல்லவில்லை. அதனால் உன் கை லோனி மேல் விழுந்தது. நான் கேட்டு எழுதிய கடிதம் லோனியின் பெட்டியில்தான் இருந்திருக்கும். எடுத்து நீட்டியிருந்தால் அவருக்குப் பல் போயிருக்காது. அவருக்கு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் எழுத வரவில்லை.

ஜூனில்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு ஜூன் 19 அன்றே தெரியும். உன்னிடம் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். சத்தியம் என்று எழுதினேன் அல்லவா, அது நீ கேட்டதற்காக மட்டும் இல்லை. துர்சோ கடையில் எனக்கு வழி விட்டார்கள். பலகையில் குண்டூசி குத்தும்போது ஆட்கள் என் பின்னால் நின்று படித்தார்கள். பெரிய அணியில் ஆடுகிறவன் என் அண்ணன் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஜூன் 19லிருந்து, டாக்டருக்குக் கடிதம் போட்ட ஆகஸ்ட் 13 வரை ஐம்பத்தைந்து நாள். எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பிறகு, "கண்ணு தெரியாமலா அங்க நின்னான்? நான் அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்றாள். இன்று வேலைக்குப் போகவில்லை.

பிட்ஸ்பர்க்கில் கண் மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். நான் போனில் பேசுவதை நீ பார்த்ததில்லை. எழுதி வைத்து வாசித்தேன். அக்டோபர் 14ஆம் தேதி உனக்காக இடம் வைத்திருக்கிறார்கள். பார்வை முழுதாகத் திரும்பாது என்றார்கள். பந்து ஆட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். அதை மறைக்காமல் எழுதுகிறேன். இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். மெக்சிகோவில் பந்து வீசுகிறவர்களுக்கு உனக்கு எந்தக் கண் தெரியாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் என்பதையும்தான். எண்ணூறு மைல் தள்ளி இருந்த எனக்கே தெரிந்துவிட்டது.

லோனியிடம் நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்க மாட்டேன். எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம். கர்த்தர் உன்னோடு இருக்கட்டும்.

உன் தங்கை,
வெரோனிகா

மேலே நான்கு பக்கம் எழுதியும் கேட்க வந்ததைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதையும் கேட்டுவிடுகிறேன், அண்ணா. என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்த மெக்சிகோ பஸ்ஸில் மட்டும் ஏறாதே.